மழைக்கு நாலு டயர்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து விடாத மழை. பள்ளிக்கூடம் திறந்தால் எப்போதும் இப்படித்தான். துணி எதுவும் காயவில்லை. வீட்டுக்காரர் வில்சனின் வெள்ளைச் சட்டை நாற்காலி முதுகில், விசிறிக்கு நேர் கீழே.

சாயங்காலம் நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசனை. எழுதிவிட்டால் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை.

ஆஸ்பத்திரி லேபில் என் வேலை முடிந்தது. வில்சன் (இனிமேல் வி. முழுப்பெயர் எழுதினால் வகுப்பில் ஹாஜர் எடுப்பதுபோல் இருக்கிறது) புது மூக்குக்கண்ணாடி வாங்க நெய்யாற்றின்கரைக்கு வந்திருந்தார். சேர்ந்து காரில் வீட்டுக்கு. அமரவிளை பாலம் தாண்டி, உதியங்குளங்கரைக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே தண்ணீர். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. நானும் பிரேக். வண்டியின் முன்பக்கம் நின்றது. பின்பக்கம் நிற்கவில்லை. வழுக்கிக் கிளம்பி, எங்களையும் சுற்றி இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. நின்றபோது, வந்த வழியைப் பார்த்து நிற்கிறோம். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி நிறைய ஒரு பஸ்ஸின் முகம்.

பஸ் நின்றுவிட்டது. இடிக்கவில்லை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “சேச்சீ, ஒந்நும் பற்றியில்லல்லோ?” என்று மலையாளத்தில், ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். வி. கீழே இறங்கினார். கையில் குடை, விரிக்கவில்லை. அதை நீட்டிப் பிடித்து, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைக் கடத்திவிடுகிற மாதிரி வண்டிகளை நிறுத்தினார். நான் திருப்பி ஓரத்துக்கு வந்தேன். முழுக்க நனைந்து உள்ளே ஏறினார். புதுக் கண்ணாடியில் தண்ணீர்.

“மெதுவா போவோம்” என்றார்.

வீடு வரை அது ஒன்றுதான்.

ராத்திரிக்குக் கஞ்சி, பயறு. ரெண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.


ஜூன் 4, புதன்

மழை விட்டிருந்தது. கேஸ் புக் செய்ய வேண்டும். (மறந்தாச்சு.)

காலையில் கார் ஷெட்டில் குனிந்து உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்டயர் இரண்டும் முடிந்துவிட்டன. பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்னத் திட்டு இருக்கும், ரப்பர் அதன் மட்டத்துக்குத் தேய்ந்தால் டயரை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். மட்டமாகிவிட்டது. விரலால் தடவினால் வழவழ. முன்டயரில் இன்னும் கொஞ்சம் உண்டு. மே மாதமே ரெண்டு பேருக்கும் தெரியும். மதில் வேலை முடியட்டும் என்றார் வி. சரி என்றேன். எந்த டயர் என்று எனக்கும் முடிவாகியிருக்கவில்லை.

வண்டியை எடுக்கவில்லை. பஸ்ஸில் போனேன்.

பிந்து தனுவச்சபுரம் ஸ்டாப்பில் நின்றாள். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ். தினமும் என் காரின் பின்சீட்டு அவளுக்குத்தான். நேற்று மட்டும் அவளுக்கு லீவு. என்னைப் பஸ்ஸில் பார்த்ததும் முகம் மாறியது.

“என்ன சேச்சி, வண்டி எங்க?”

“டயர் மாத்தணும். அதுவரை பஸ்தான்.”

“அய்யோ, எத்தன நாளு?”

“டயர் பாக்கணும் பிந்து. சும்மா போய் வாங்கிட்டு வாறதுக்கு அது தக்காளியா?”

சொல்லும்போது கெத்தாக இருந்தது. பஸ் அமரவிளை பாலம் தாண்டும்போது கம்பியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளங்கையில் துரு.


ஜூன் 5, வியாழன்

வெயிலும் மழையும் மாறி மாறி.

பாறசாலையில் சுகு அண்ணன் டயர் கடை. வாசலில் டயர்கள் அடுக்கி, மேலே நீலத் தார்ப்பாய். என்னைக் கண்டதும் எழுந்தார். என் வண்டி அவருக்கு ரொம்பப் பிடிக்கும். சாம்பல் நிறம், சின்ன உடம்பு, டர்போ என்ஜின். போன வருஷம் நான் செகண்ட் ஹாண்டில் வாங்கினேன், என் சொந்தச் சேமிப்பில். வாங்கின வாரம் பக்கத்து வீட்டு மாமி கேட்டது: “பெண்ணாப் பெறந்தவளுக்கு இவ்வளவு சத்தமுள்ள வண்டி என்னத்துக்கு?” சத்தம்தான் மாமி, பிடித்தது.

சுகு அண்ணன் குனிந்து போட்டோவைப் பார்த்தார். (வண்டியைக் கொண்டுபோகவில்லை, டயரைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனேன். ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். மழை என்றேன். அப்போது வெயில்.)

“பின்னால உள்ளது ரெண்டும் தீந்து போச்சு சேச்சி. ரெண்டு மட்டும் புதுசு வாங்கி முன்னால போடுவோம். முன்னால உள்ளத பின்னால தள்ளுவோம்.”

“புதுச முன்னால போட்டா பின்பக்கம் இன்னும் வழுக்கும் அண்ணே. புதுசு பின்னாலதான் வரணும்.”

“எல்லாரும் முன்னாலதான் போடுவினும்.”

“போடட்டு. எனக்கு நாலும் புதுசு வேணும்.”

நாலு என்றதும் டீ வந்தது.

கடைசியில் மூன்று வகை கையில் நின்றன. கம்பெனிப் பெயர்கள் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்துவிட்டேன்:

ஜப்பான். மெத்தென்ற ரப்பர், ஸ்டீயரிங்கைத் தொட்டாலே திரும்பும். காய்ந்த ரோட்டில் பிசின் மாதிரி பிடிக்கும். மழை ஆகாது. சீக்கிரம் தேயும்.

ஐரோப்பா. இதுவும் வண்டி ஓட்டப் பிடித்தவர்களுக்கு உள்ளதுதான். ஜப்பான் அளவு கூர்மை இல்லை. ஆனால் ஈர ரோட்டில் பிரேக் போட்டால் நிற்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இங்கே ஸ்டாக் இல்லை, கொச்சியிலிருந்து வரவேண்டும்.

குடும்பம். எல்லாரும் போடுவது. சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை, வருஷக்கணக்கில் வரும். திருப்பினால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் திரும்பும். ஸ்டாக் உண்டு. சுகு அண்ணனின் கண் இதன்மேல்தான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.


ஜூன் 7, சனி

ஷைன் வந்தான். என் தம்பி. வெள்ளறடையில் ரப்பர் ஷீட் வியாபாரம், வண்டிப் பைத்தியம். மரச்சீனிக் கிழங்கு ஒரு சாக்கு கொண்டுவந்தான். சாக்கை இறக்குவதற்கு முன்னாலேயே போனை நீட்டினான். பதினேழு இஞ்ச் வீல், கறுப்பு அலாய், அதன்மேல் பட்டையாக ஒரு டயர்.

“எக்கா, இது போட்டா வண்டி எப்பிடி இருக்கும் தெரியுமா? பாக்கவங்க ஒக்க திரும்பிப் பாப்பாங்க.”

“நம்ம ரோட்டுல உள்ள குழிக்கு அந்த ஓரம் மெலிஞ்ச டயர் தாங்குமாலே? மூணாம் நாள் அலாய் ஒடையும்.”

“குழியக் கண்டா வெட்டி ஓட்டணும்.”

“பட்ட டயர் தண்ணியில மெதக்கும். தெரியுமா அது உனக்கு?”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவனுக்கு விஷயம் தெரியாது. போன வருஷம் நானே அவனிடம் பதினேழு இஞ்ச் வேண்டும் என்று சொன்னது உண்டு. “எக்கா, உனக்கு வயசாயிட்டுது” என்றான். கிழங்கு வேகவைத்து, தொட்டுக்கொள்ள உள்ளியும் மிளகும் இடித்த சம்மந்தித் துவையல். மூன்று பேரும் நன்றாகத் தின்றோம்.

போகும்போது வண்டியை ஒரு ரவுண்டு எடுக்கலாமா என்று கேட்டான். டயர் மாற்றாமல் யாரும் எடுக்கக்கூடாது என்றேன். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வி. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.


ஜூன் 8, ஞாயிறு

சர்ச்சுக்கு நடந்தே போனோம். குடைக்குள் ரெண்டு பேர், என் இடது தோளும் அவருடைய வலது தோளும் நனைந்தன. பிரசங்கம் நீளம். முன்பெஞ்சு விரிப்பில் இருந்த கோடுகள் டயரின் பள்ளங்கள் மாதிரியே தெரிந்தன. எந்தக் கோடு வழியாகத் தண்ணீர் வெளியே போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கர்த்தர் மன்னிக்கட்டும்.

மத்தியானம் அதிசயம். வி. டயர் படிக்கிறார்! என் போனை வாங்கி, புதுக் கண்ணாடி போட்டு, கட்டிலில் சாய்ந்து, டயர் வாங்கினவர்கள் எழுதிய விமர்சனங்களை. தமிழ் வாத்தியார் அல்லவா, சும்மா படிக்கத் தெரியாது. பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் மார்க் போடுகிறார்.

“இவன் எழுதியிருக்கத கேளு. ‘வேற லெவல்.’ எதுல வேற லெவல்? மழையிலயா, வெயிலுலயா? எழுவாய் இல்ல, ஒண்ணும் இல்ல. பத்துக்கு ரெண்டு.”

“அது சின்னப் பையன் எழுதுனதா இருக்கும்.”

“இதப் பாரு, இவரு நல்லாட்டு எழுதியிருக்காரு. திருச்சூர்க்காரரு. வண்டி என்ன, எந்த ரோடு, எவ்வளவு மழைண்ணு ஒக்க சொல்லுதாரு. கடைசில, ‘மனைவி உறங்கிவிட்டாள், அதனால் நல்ல டயர்’ண்ணு முடிச்சிருக்காரு. இவருக்கு ஒம்பது.”

சிரித்தேன். செவ்வாய்க்குப் பிறகு முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவருடைய மார்க்: ஐரோப்பா ஒன்பது. ஜப்பான் ஏழு. குடும்பம் ஐந்து. (“கையெழுத்து நல்லாட்டு இருக்கு. விஷயம் இல்ல.”)


ஜூன் 10, செவ்வாய்

பலத்த மழை. லேபில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. சாம்பிள் எல்லாம் தாமதம். பஸ்ஸில் ஒரு அம்மாவின் மீன்கூடை என் செருப்பின்மேல்.

சுகு அண்ணன் கூப்பிட்டார். ஐரோப்பா கொச்சியில் உண்டாம், சொன்னால் வரவழைப்பாராம்.

டயரில் எந்த வாரம் செய்தது என்று நாலு எண் இருக்கும், அதைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். புதுசுதான். அப்படியானால் அதே அளவில் ஜப்பான் புதுசு இருக்கிறதா என்று கேட்டேன். அதுவும் உண்டு. அப்புறம் வேறு ஏதோ கேட்டேன். ரோட்டுச் சத்தம் பற்றி. கேட்கும்போதே எனக்குத் தெரியும், பதில் எனக்கு வேண்டாம் என்று.

“சேச்சி, நீங்க எனக்க கடைக்கு வாங்க, டயர தொட்டு நோக்கிட்டு சொல்லுங்க” என்றார் கடைசியில். கோபம் இல்லை, களைப்பு.

பிந்து பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள். சாப்பிடும்போது: “சேச்சி, நான் ஒண்ணு பறயட்டா? எனக்க மாப்பிள பைக்குக்கு டயர் மாத்துனாரு. போனாரு, மாத்துனாரு, வந்தாரு.”

“பைக் வேற, கார் வேற.”

“ஆமா, கார் வேறதான்” என்று தன் அவியலை என் தட்டில் போட்டாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நினைத்தேன். குடும்ப டயரே போட்டுவிடலாம். எதற்கு இந்தக் கூத்தெல்லாம். வயது முப்பத்தாறு. சர்க்கஸ் காட்டவா போகிறேன்.


ஜூன் 11, புதன்

இன்றையதை முழுதாக எழுத வேண்டும்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வி. பின்வாசலில் உட்கார்ந்து சாளை மீன் செதிள் உரசிக்கொண்டிருந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டு, சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னேன்.

“குடும்ப டயரே போட்டிரலாம்ணு நெனைக்கேன். நாளைக்கு சுகு அண்ணன்ட்ட சொல்லணும்.”

கத்தி நின்றது.

“நான் அதுக்கு அஞ்சு மார்க்குதான போட்டேன்?”

“நல்ல டயராக்கும். ரொம்ப நாள் வரும்.”

“நல்லதுதான். மூணும் நல்லதுதான் ஷீபா. எதப் போட்டாலும் வண்டி ஓடும். உனக்கு டயர் கெடைக்காம இல்ல. வண்டிய எடுக்காம இருக்கதுக்கு நீ டயரப் பிடிச்சு வச்சிருக்க.”

துருவல் நின்றது. கோபம் வந்தது எனக்கு. உண்மையைச் சொன்னால் வருகிற கோபம்.

“அண்ணைக்கு நீங்க ஒரு வார்த்த பேசல்ல. மெதுவா போவோம்ணு சொன்னிய, அவ்வளவுதான். எனக்க மேல கோவம்ணு எனக்குத் தெரியாதா?”

“கோவமா? ஏட்டி, மதிலு முடியட்டு, டயர் பெறவு பாப்போம்ணு சொன்னது ஆரு? நானாக்கும். உனக்க மேல கோவப்பட எனக்கு என்ன உரிமை உண்டு?”

“வண்டிய ஓட்டினது நான்.”

“தள்ளிப்போட வச்சது நான்.”

“பிரேக்க அப்பிடி சவிட்டினது நான்.”

“உள்ள இருந்து ‘அய்யோ’ண்ணு கூப்பாடு போட்டது நான்!”

“நீங்க கூப்பாடு போட்டியளா? நான் கேக்கவே இல்லியே.”

“மனசுக்குள்ள போட்டேன்.”

பழி யாருக்கு என்று பங்கு பிரிக்கிற சண்டையில் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எனக்கு அழுகை. தேங்காய்க் கையோடு முகத்தைத் துடைத்தேன்.

பயம் என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். பத்தொன்பது வயதில் வெள்ளறடை மலைரோட்டில் அப்பாவின் ஜீப்பை ஓட்டினவள். எனக்கு ரோட்டில் பயம் வந்தது இல்லை. இப்போது கண்ணை மூடினால் பஸ்ஸின் முகம். பின்பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது, எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. அதைத்தான் மறக்க முடியவில்லை. கையில் ஸ்டீயரிங் இருந்தது, அது சும்மா ஒரு வளையம்.

வி. எழுந்தார். “வா. பேட்டரி எறங்கிப்போவும். ஸ்டார்ட்டாவது செய்து போடு.”

ஷெட்டில் காரில் உட்கார்ந்தோம். மேலே தகரத்தில் மழை. மீன் கை என்பதால் அவர் எதையும் தொடவில்லை. ரெண்டு கையையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆசீர்வாதம் கொடுக்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஸ்டார்ட் செய்தேன். அந்தச் சத்தம். எவ்வளவு நாளாகிவிட்டது.

“வெள்ளறடைக்குப் போவும்போ ரப்பர் தோட்டத்துப் பக்கம் வளைவு வருமே” என்றார். “அங்க நீ வண்டியத் திருப்பும்போ உனக்க முகத்த பாத்தது உண்டா?”

“எனக்க முகத்த நான் எப்பிடிப் பாக்க?”

“நான் பாத்தது உண்டு. நான் ரோட்ட பாக்கதே இல்ல, எனக்கு ஆவாது. அதனால உன்னயாக்கும் பாப்பேன். சர்ச்சு கொயர்ல நல்ல பாட்டு வரும்போ ஆல்ட்டோ கொரல்ல பாடுத அம்மச்சிமாருக்க முகம் ஒரு மாதிரி ஆவுமே, அதுபோல ஒரு முகம்.” பிறகு: “அந்த முகத்துக்கு குடும்ப டயர் வேண்டாம் பெண்ணே. பயந்துட்டு வாங்காத. பிடிச்சத வாங்கு. மழையில நிக்கதா இருக்கட்டு, அவ்வளவுதான்.”

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தோளில் தலையைச் சாய்த்தேன். சாளை வாடை.

உள்ளே வந்து பார்த்தால் பூனை இரண்டு மீனைக் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தை வறுத்தோம்.


ஜூன் 12, வியாழன்

காலை பஸ் ஏறுவதற்கு முன் சுகு அண்ணனுக்குப் போன். ஐரோப்பா, நாலு, என் வண்டிக்கு உள்ள அதே பதினாறு இஞ்ச் அளவு.

“ஆர்டர் உறப்பிக்கட்டா சேச்சி? இனி மாத்தாண்டாம்.”

“மாத்த மாட்டேன் அண்ணே.”

ஜப்பானை நினைத்தால் கொஞ்சம் மனவருத்தம்தான். ஊரில் மழை கொஞ்சமாகப் பெய்தால் அதுதான் என் டயர். ஆனால் இங்கே பெய்யாத மாதம் எது?

ஷைனுக்கு மெசேஜ் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு அழுகைப் பொம்மை. பிறகு ஒரு பெருவிரல்.


ஜூன் 14, சனி

டயர் வந்தது. போட்டாச்சு.

வீட்டிலிருந்து பாறசாலை வரை பழைய டயரில்தான் ஓட்ட வேண்டும். மழை இல்லை. வி. பக்கத்தில். ஆட்டோக்கள் எங்களைத் தாண்டிப் போயின. ஒரு தாத்தா சைக்கிளில் கிட்டத்தட்டத் தாண்டினார். என் முதுகு வியர்வையில் நனைந்துவிட்டது.

கடையில் நாலு டயரும் பிளாஸ்டிக் சுற்றிய நிலையில். பிரித்தவுடன் அந்த வாசனை! மேலெல்லாம் குட்டிக் குட்டி ரப்பர் முடி. வி. ஒன்றைப் பிய்த்து ஆராய்ந்தார். “இது என்னத்துக்கு உள்ளது?” சுகு அண்ணன், “அச்சுல வாருது சார், ஓடும்போ தானே போவும்” என்றார். வி. எல்லாவற்றையும் படித்தார். டயரின் பக்கத்தில் ஆங்கிலத்தில் என்னென்ன அச்சிட்டிருக்கிறதோ எல்லாவற்றையும், வட்டமாகச் சுற்றி நடந்து.

பழைய டயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. பின்டயரின் உள்விளிம்பில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாத இடம். வி. குனிந்து அதைத் தொட்டார், கையை எடுத்தார், என் முதுகில் வைத்தார்.

வீல் பாலன்சிங், அலைன்மென்ட். முன்சக்கரம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்ததாம். அதுவும் சரியாக்கினார்.

“புது டயராக்கும் சேச்சி. மேல மெழுகு மாதிரி ஒண்ணு உண்டு, அது போவுறது வரை பதமா ஓடணும். உடனே ரேஸ் விடாண்டாம்.”

“அவ விடமாட்டா” என்றார் வி. “நானாக்கும் விடச் சொல்லி நிக்கது.”

சுகு அண்ணன் நம்பவில்லை.

திரும்பும்போது களியக்காவிளை போய் பெட்ரோல் அடித்தோம். அந்தப் பக்கம் தமிழ்நாடு, விலை குறைவு. ஸ்டீயரிங் லேசாக இருக்கிறது. ரோட்டில் உள்ள கல் எல்லாம் கைக்குத் தெரிகிறது, ஆனால் குத்தவில்லை. பழம்பொரி வாங்கினோம். இலைக்காகிதத்தில் எண்ணெய்.


ஜூன் 16, திங்கள்

பிந்து பின்சீட்டில். ஏறியதும் சீட்டை முத்தமிட்டாள். “சேச்சி, இனி பஸ்ல போவச் சொன்னா நான் வேலய ராஜினாமா வச்சிருவேன்.”

சாயங்காலம் திரும்பும்போதும் காய்ந்த ரோடு. அமரவிளை பாலம். உதியங்குளங்கரை. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஒரு பழக்கடை, அன்னாசி குவித்து வைத்திருக்கிறார்கள். அன்றும் இருந்திருக்கும்.

வேகம் கூட்டவில்லை. காய்ந்த ரோட்டில் எல்லாரும் வீரர்தான்.


ஜூன் 19, வியாழன்

மழை. காலையில் எழும்போதே தகரத்தில் கொட்டுகிற மழை. பிந்துவுக்கு லீவு. வி. குடையோடு வாசல் நடைக்கு வந்து, வண்டி ரிவர்ஸில் வெளியே போகும்வரை நின்றார். கூட வரட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

உதியங்குளங்கரை தாண்டி ஒரு இடத்தில் ரோடு முழுக்கத் தண்ணீர். முன்னால் ஒரு ஆட்டோக்காரன், எந்த அறிவிப்பும் இல்லாமல் வலப்பக்கம் திரும்பினான். பிரேக்.

நின்றது.

முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து, நேராக. தண்ணீர் இரண்டு பக்கமும் விலகிப் போனது. ஆட்டோக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு எதுவும் நடக்கவில்லை.

அமரவிளையில் ஓரமாக நிறுத்தி டீ குடித்தேன். வி.க்குப் போன் செய்தேன். பள்ளிக்கூட நேரம், எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார். ரகசியக் குரல்.

“நின்னுதா?”

நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, அதற்கு முன்னாலேயே.

“நின்னுது.”

“நேராட்டா?”

“நேராட்டு.”

“செரி. நான் புணர்ச்சி விதி எடுத்துட்டு நிக்கேன், வை” என்றார். பின்னால் பிள்ளைகளின் சிரிப்பு. அப்படியே வைக்காமல், “மக்கா, எல்லாரும் கை தட்டுங்க” என்று அவர்களிடம் சொன்னது கேட்டது. எதற்கு என்று தெரியாமல் ஒரு வகுப்பே எனக்குக் கை தட்டியது.

டீக்கடைக்காரர்: “என்ன மோளே, சிரிக்குத?” ஒன்றும் இல்லை என்றேன். இன்னொரு டீ.


ஜூன் 22, ஞாயிறு

பிந்துவின் தங்கைக்குக் கல்யாணம், திருப்புறத்தில் ஒரு ஹாலில். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, சேலை மாற்றி (பச்சை, பார்டர் அயர்ன் ஆகவில்லை), கிளம்பும்போதே நேரம் போய்விட்டது. முகூர்த்தம் முடிந்திருக்கும். சாப்பாடாவது கிடைக்க வேண்டும்.

வழியில் மழை பிடித்துக்கொண்டது. வயல் நடுவே போகிற ரோடு, இரண்டு பக்கமும் தென்னை, எதிரே வண்டியே இல்லை. நான் பதமாக ஓட்டினேன். வைப்பர் அடிக்கிறது. வி. கையில் பரிசுப் பொட்டலம், குக்கர். கொஞ்ச தூரம் பொறுத்தார்.

“ஷீபா.”

“ம்.”

“இப்பிடி உருட்டினா மூணாம் பந்தியும் தீந்து போவும். கொஞ்சம் சவிட்டு பெண்ணே.”

“மழையாக்கும்.”

“மழைக்குத்தான டயர் போட்டது?”

சவிட்டினேன். டர்போ மூச்சு இழுத்தது. முன்னால் ஒரு நீண்ட வளைவு, மரங்களுக்கு அடியில் கறுப்பாக ஈரம். திருப்பினேன். வண்டி நினைத்த இடத்தில் திரும்பியது, பின்பக்கம் சொன்னபடி கூடவே வந்தது. வி. “யேசுவே” என்றார், குக்கரைக் கட்டிப்பிடித்தார். ஆனால் மெதுவாகப் போ என்று சொல்லவில்லை.

மூன்றாம் பந்தியில் இடம் கிடைத்தது. அவியல் தீர்ந்திருந்தது. பருப்பும் நெய்யும் உண்டு, புளிசேரி உண்டு. பாயசம் பரிமாறினவரை வி. மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை ‘அவளுக்கு’ என்று என்னைக் காட்டிவிட்டுத் தன் இலையில் வாங்கிக்கொண்டார்.